நாலு பத்தில் நிற்கும் கணினி

லினக்ஸ் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிடுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஐயா. நினைவகம் மட்டும் தாராளமாக வேண்டும். இருந்தால் ஒரே பெட்டிக்குள் பத்துக் கணினிகள் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தும். எனக்கும் தம்பிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, விமானத்துக்கு முன் அவன் என் வீட்டுக்கு வந்தான். தன் பழைய லேப்டாப்பை அப்படியே நகலெடுத்து என் பெட்டிக்குள் ஓடவைக்கச் சொன்னான். வைத்தேன். அதில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஏதோ மின்னஞ்சல் தட்டத் தொடங்கினான்.

"அச்சு அசல் என் மெஷினேதாண்ணா" என்றான்.

நாலு பத்துக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அந்த நொடியில் கணினி இருந்த நிலை அப்படியே சேமிப்பாகிவிடும். எப்போது வேண்டுமானாலும் அதற்குத் திரும்பலாம்.

அங்கே போனதும் அம்மாவை வரவழைத்துக்கொள்ளப் போகிறான் என்று எனக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். அந்தப் பெட்டியை வாங்கியதும் அந்த வாரம்தான்.

பிறகு ஞாயிறுதோறும் அவன் கணினியிலிருந்து, அவன் பெயரில் அம்மாவுக்கு எழுதினேன். வீடு இன்னும் அமையவில்லை, போனில் பேச நேரமில்லை, அதுவரை அண்ணனோடு இரு. அம்மா முகம் மலர்ந்து படிப்பார். பார்க்கவே எனக்கு வயிறு நிறையும். அனுப்பியதும் நாலு பத்துக்கே திருப்பிவிடுவேன். என் கைபட்ட தடம் அதில் தங்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அவன் பாதியில் விட்ட வரி திரையில் வந்து நிற்கும். அப்போது மட்டும் பயமாக இருக்கும். படிக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு மூடிவிடுவேன்.

திருப்பினால் கடிகாரமும் பின்னால் போய்விடும். எழுதுமுன் அதைக் கையால் சரிசெய்வது என் வழக்கம். போன ஞாயிறு காய்ச்சலில் மறந்துவிட்டேன்.

"பனி கொட்டுதுன்னு எழுதியிருக்கான்" என்றார் அம்மா. "தேதியப் பாத்தா அவன் கிளம்புன நாளுடா. அன்னிக்கு உன் வீட்டுலதானே இருந்தான்?"

அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசினார்.

அவன் கிளம்பிய அன்று நாலேகாலுக்கு நெட்வொர்க் கேபிளைக் கையில் எடுத்தேன். அவன் திரையைப் பார்த்தபடி இருந்தான். தோட்டத்தில் நீங்கள் தோண்டிய இடம் சரிதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஸ்னாப்ஷாட்டை யாரும் அழித்துவிட வேண்டாம். அதில் அவன் உயிரோடு இருக்கிறான், ஐயா. 'அம்மா, உன்னை மட்டும் இல்ல, அண்ணனையும்' என்று தட்டிக்கொண்டிருக்கிறான். நான் அவனை இன்னும் ஒன்றும் செய்யவில்லை. ஐந்து நிமிடம் இருக்கிறது.