பூம் வாய் திறந்தான்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. சியாங் மாயில் ஆங்கிலம், சீனம், தாய்லாந்து மொழி என்று மூன்றிலும் பாடம் நடத்துகிற பெரிய பள்ளிக்கூடம் ஒன்று. அங்கே படித்த ஏழு வயதுப் பூமுக்கு அன்று நாலு மணிக்குத் தகனம். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் அவன் அம்மா வன்னிபாவும், அவன் வகுப்பு உதவி டீச்சர் தாரிகாவும் வந்தவர்கள் சிதையில் வைக்கிற சந்தனப்பூக்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே தெரு. அவர்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன். நடுவில் நான் வாய் திறக்க மாட்டேன்.

— அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படி, தாரிகா.

— வேண்டாம்க்கா. நாலு தரம் படிச்சாச்சு.

— தகனத்துக்கு முன்னாடி ஊரே கேக்கப்போற வாழ்க்கைக் குறிப்பு. பெத்தவ கேக்கக் கூடாதா? படி.

— "பூம் அமைதியான பிள்ளை. அதிகம் பேச மாட்டான். இறால் தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அன்றும் அவன் யாரிடமும் சொல்லவில்லை."

— அதிகம் பேச மாட்டானாம்! என் சலூனுக்கு வர்ற பொம்பளைங்க, "இவன் வாய்க்கு ஒரு மூடி வாங்கிப் போடு வன்னிபா"ம்பாங்க. தலையில சாயத்தோட எந்திரிச்சு ஓட முடியாதுன்னு தெரிஞ்சே பக்கத்துல உக்காந்து கதை அளப்பான், போக்கிரி. யார் எழுதினது இதை?

— ஸ்கூல் டைரக்டர் அம்மா. மூணு மொழியிலயும் வாசிப்பாங்களாம்.

— ஒரு பொய்யை மூணு தரம் சொல்லணுமாக்கும். சேக்கும்போதே ஃபாரத்துல எழுதிக் குடுத்தேனே, இறால் ஆகாதுன்னு?

— நம்ம எழுத்துல எழுதினீங்க. அது ஆபீஸ் அலமாரியில இருக்கு. இங்கிலீஷ் வாத்தியார் டேரன் சாருக்கு நம்ம எழுத்து படிக்க வராது.

— சரி, ஃபாரம் கிடக்கட்டும். நீ வகுப்புல இருந்தே. ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் பிள்ளை வாயைத் திறந்தானா, இல்லையா?

— எனக்கு... நான் சரியா கவனிக்கலக்கா.

— பூவை நசுக்காத. என் முகத்தைப் பாரு. நாலு நாளா நான் கண்ணை மூடல. ஏன் தெரியுமா? மூணு வயசுல சந்தையில ஏதோ தின்னுட்டு மூச்சு முட்டி, உதடெல்லாம் நீலமாப் போச்சு. அப்பலேருந்து தினமும் வண்டியை விட்டு இறக்கும்போது கேப்பேன்: "யாராவது இறால் குடுத்தா என்ன செய்வே?" "சொல்லுவேம்மா"ம்பான். சொல்லாமத் தின்னிருந்தா, நான் சொன்னது அவனுக்கு ஏறலேன்னு ஆகுது. இல்லேன்னா உங்களையெல்லாம் பாத்து அவ்வளவு பயந்திருக்கான். எதுன்னு தெரியாம அவனை எப்படி நான் நெருப்புல வைப்பேன்?

— அக்கா...

— வேலை போயிடும்னு பயமா?

— வேலை போகட்டும்க்கா.

— அப்ப சொல்லு.

— சொன்னான்.

— சொன்னானா?

— எழுந்து நின்னு சொன்னான். வகுப்புக்கே கேக்கிற மாதிரி.

— என் ராஜா! என்ன சொன்னான்? ஒரு எழுத்து விடாம சொல்லு.

— அது இங்கிலீஷ் நேரம். "ஐ லூஸ் ஷ்ரிம்ப்"னான்.

— எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ஷாம்பூ மட்டும்தான். அப்படின்னா?

— லூஸ்னா நம்ம 'பே'. ஷ்ரிம்ப்னா இறால்.

— எனக்கு இறால் பே. சரியாத்தானே சொல்லியிருக்கான்!

— இல்லக்கா. நம்ம தாய்லாந்துப் பேச்சுல உடம்பு ஏத்துக்கலேன்னாலும் 'பே', ஆட்டத்துல தோத்தாலும் 'பே'. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் வேற வேற சொல்லாம். லூஸ்னா தோக்கிறது மட்டும்தானாம்.

— அப்ப அந்த வெள்ளைக்காரர் காதுல என்ன விழுந்திச்சு?

— இறால்ல தோத்துட்டேன்னு சொல்றான்னு. அன்னிக்கு விளையாட்டு வேற வெச்சிருந்தார். இறால் வெச்ச சீனக் கொழுக்கட்டை. குச்சியால எடுத்து மூணை யார் முதல்ல தின்னு முடிக்கிறாங்களோ அவங்களுக்கு ஜெயம். பூம் தட்டுல ஒண்ணு கூடக் குறையல. "யார் சொன்னது தோத்துட்டேன்னு? நீ ஜெயிப்பே, சாப்பிடு!"ன்னு முதுகுல தட்டினாராம். பிள்ளைங்கதான் அப்புறம் சொல்லிச்சு.

— வாத்தியாரே சொல்லிட்டாரேன்னு தின்னிருக்கான்.

— ஆமாக்கா.

— நான் சொன்னதை மறக்கல. பயப்படவும் இல்ல. என் பிள்ளை சொல்லியிருக்கான், தாரிகா! எடு பேனாவை. அந்த வரியை அடி. "எழுந்து நின்னு டேரன் சார்கிட்ட சொன்னான்"னு எழுது. வேற யாரும் வாசிக்க வேண்டாம், நானே வாசிக்கிறேன். அந்த ஆளு முகத்தைப் பாத்துக்கிட்டே வாசிக்கிறேன்.

— அப்படி எழுத முடியாதுக்கா.

— ஏன்? அவரு பேரு வந்தா டைரக்டர் அம்மாவுக்குக் குத்துமோ?

— முதல்ல அவர்கிட்ட சொல்லல.

— பின்னே?

— எங்கிட்டதான் வந்தான். பாவாடையைப் பிடிச்சு இழுத்து, நம்ம பேச்சுலயே, மெதுவா, "டீச்சர், எனக்கு இறால் பே"ன்னான். இங்கிலீஷ் நேரத்துல நம்ம பேச்சு கூடாதுங்கிறது சட்டம். "கெட்டிக்காரன் இல்ல நீ? இங்கிலீஷ்ல சார்கிட்ட சொல்லு"ன்னு நான்தான் அனுப்பினேன்.

— நீ...

— 'அலர்ஜிக்'ங்கிற அந்த இன்னொரு சொல்லு எனக்கும் தெரியாதுக்கா, ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்றவரைக்கும். அவன் சொல்லி முடிச்சதும், சார் பாத்துக்குவார்னு அடுத்த மேசைக்குப் போயிட்டேன். போறதுக்கு முன்னாடி, ஒரு சொல்லு கூடத் தப்பில்லாம சொன்னான்னு, அவன் சட்டையில தங்க நட்சத்திரம் ஒட்டிட்டுப் போனேன்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்ல வந்தது முதல் தரமே உங்கள் காதில் விழட்டும். உங்கள் வீட்டில் எந்தத் தட்டும் ஆளில்லாமல் ஆறிப்போகாமல் இருக்கட்டும்.