கூப்பிட்டாத்தான் போவேன்

மைசூருக்கு ஏஸியே தேவையில்லைங்க சார். ஜன்னலைத் தொறந்து வெச்சா சாமுண்டி மலைக் காத்து போதும். இதை நான் சொன்னா லிங்கப்பன் சிரிப்பான். 'ஏஸி மெக்கானிக் பேசற பேச்சாடா இது, பொழப்பு ஓடுமா'ன்னு கேப்பான். மண்டி மொஹல்லாவுல என் கடைக்குப் பக்கத்துலயே எஸ்டிடி பூத் வெச்சிருக்கான். எனக்கு வர்ற போன் எல்லாம் அவன்கிட்டதான் வரும். 'சித்தையா, போன்'னு அவன் ஒரு குரல் குடுத்தாத்தான் நான் டூல் பையைத் தூக்குவேன். கூப்பிடாம யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன். இருபது வருஷமா அது என் கௌரவம்.

நீங்க தமிழ்நாட்டு எல்லையில ஹனூர் பக்கம்னு சொன்னதால தமிழ்லயே சொல்றேன். எனக்கும் அந்தப் பக்கம்தான், கௌதள்ளி. உங்க ஸ்டேஷன் ரைட்டர் கன்னடத்துல எழுதிக்கறதால மெல்லவே போறேன். அவசரம் ஒண்ணுமில்லை. காபி நல்லா இருந்துது.

என்.ஆர். மொஹல்லாவுல பர்னபாஸ் சார் வீட்டு ஏஸி மட்டும் சும்மா சொகுசுக்கு வாங்கினது இல்லை. ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்தவர். ஸ்கூட்டர்ல போய் எருமை மேல மோதி, கழுத்து எலும்பு போயிருச்சு. தொண்டையில ஓட்டை போட்டதால பேச்சும் இல்லை. இடது கையில ரெண்டு விரல் அசையும், அவ்வளவுதான். அந்த உடம்பு தானா சூடும் பண்ணிக்காது, குளிரவும் பண்ணாதாம். ரூம் எப்படியோ உடம்பும் அப்படி. இதை எனக்கு வெளக்கமாச் சொன்னது அவர் சம்சாரம் ஜேன் சிஸ்டர். நர்ஸா இருந்தவங்க, அவருக்காக வேலையை விட்டுட்டாங்க. 'ரொம்ப சூடும் கூடாது, ரொம்பக் குளிரும் கூடாது சித்தையண்ணா, ரெண்டும் ஆளைக் கொண்டுபோயிரும்'னாங்க. நான் நல்லாக் கேட்டுக்கிட்டேன். தொழில்ல இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்.

அவருக்குன்னு நானே ஒரு சுவிட்ச் பண்ணிக் குடுத்தேன். உள்ளங்கையில அடங்கற மாதிரி. விரலால ஒரு அமுக்கு அமுக்குனா ஏஸி ஓடும், இன்னொரு அமுக்கு, நிக்கும். அமுக்கும்போதெல்லாம் மெஷினுக்குள்ள இருக்கற ரிலே டக்குன்னு அடிக்கும். அவருக்கு அது ஒரு வெளையாட்டாப் போச்சு. நான் வேலை முடிச்சுக் கெளம்பறப்ப டக் டக் டக்னு மூணு தடவை அடிப்பார். கம்ப்ரஸருக்கு ஆகாது சார்னு சொன்னாலும் கேக்கமாட்டார். கண்ணாலயே சிரிப்பார். 'மூணு அடிச்சா உங்களைக் கூப்பிடறார்னு அர்த்தம், உக்காருங்க, கிரிக்கெட் பேசிட்டுப் போங்க'ன்னு சிஸ்டர் சொல்வாங்க. நானும் உக்காருவேன். தங்கமான மனுஷன். அவர் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது, இதை அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க.

சிஸ்டரை எனக்குப் பிடிச்சிருந்துது. மறைக்கறதுக்கு என்ன இருக்கு. நாப்பத்தி மூணு வயசு வரைக்கும் எனக்குன்னு யாரும் ஒரு தட்டு வெச்சது இல்லை. அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு டம்ளர் இருந்துது, நீலப் பூப் போட்டது. ஆனா கூப்பிடாமப் போகமுடியாதே. அதனால ஒவ்வொரு தடவை ரிப்பேர் பண்ணும்போதும் அடுத்த ரிப்பேரையும் சேர்த்தே வெச்சுட்டு வருவேன். ஒரு ஸ்குரூவை லூசா விடறது, ஃபேன் பிளேடைக் கொஞ்சம் நெளிச்சு விடறது. பத்து பதினஞ்சு நாள்ல போன் வந்துரும். 'சித்தையண்ணா, மறுபடி மக்கர் பண்ணுது, எப்ப வர்றீங்க'ன்னு அந்தக் குரல் கேக்கும்போது எனக்கு வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டு வருஷம் இப்படி நல்லாத்தான் போச்சு.

இந்த மாசம் நாலாந்தேதி, வியாழக்கிழமை, போயிருந்தேன். காபியைக் குடுத்துக்கிட்டே சிஸ்டர் சந்தோஷமாச் சொன்னாங்க. 'பெங்களூர்ல இருந்து எங்க அண்ணன் புது ஏஸி அனுப்பறார். திங்கக்கிழமை கம்பெனி ஆளுங்களே வந்து மாட்டறாங்க. அஞ்சு வருஷம் கேரண்டி. இனி உங்களுக்குத் தொந்தரவே இல்லை சித்தையண்ணா.'

தொந்தரவு. அந்த வார்த்தைதான் சார். டம்ளரைக் கீழ வெச்சுட்டேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி மெஷினைத் தொறந்தேன். ஏஸி நிக்கமாட்டேங்குதுன்னு யாராவது கூப்பிட்டா மொதல்ல சுவிட்சை அமுக்கிக் கேக்கணும். ரிலே டக்குன்னா சுவிட்ச் நல்லா இருக்கு, உள்ள கரண்ட் போற பாயிண்ட் ரெண்டும் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். டக்குன்னு கேக்கலைன்னா சுவிட்ச்தான் போச்சு. நான் பாயிண்ட் ரெண்டையும் ஒரு ஒயர் துண்டு போட்டுச் சேர்த்தேன். குளிர் போதும்னா தானா நிறுத்தற தெர்மோஸ்டாட்டையும் வேலை செய்யாம டைரக்ட் பண்ணிட்டேன். ஒரு தடவை போட்டா அப்புறம் நிக்காது. சுவத்துல உசரத்துல இருக்கற மெயின் சுவிட்சை அணைச்சாத்தான் நிக்கும். ஜாயிண்ட் மேல எப்பவும் போல செவப்பு டேப் மூணு சுத்து. திங்கக்கிழமை கம்பெனிப் பசங்க பழசைக் கழட்டும்போது அந்த டேப்பைப் பார்த்துத்தான் உங்ககிட்ட என் பேரைச் சொல்லியிருக்காங்க. என் கைவேலை ஊருக்கே தெரியும்.

வேலை முடிஞ்சுதான்னு கேட்டாங்க. முடிஞ்சுது, இனி நாளைக்குப் போடுங்க போதும்னேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் சர்ச்சுல ஆராதனை. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் சிஸ்டர் அவரை விட்டுட்டுப் போவாங்க. வெயில் நாளாச்சே, ஏஸியைப் போட்டு, சுவிட்சைக் கையில வெச்சு, ஒரு மெல்லிசுப் போர்வை போத்திட்டுப் போனாங்க. என் கணக்கு சுலபமானது. திரும்பி வருவாங்க, ஏஸி நிக்காது, பயந்துருவாங்க, என்னைக் கூப்பிடுவாங்க, நான் ஒரு நிமிஷத்துல நிறுத்துவேன். புதுசோ பழசோ, சித்தையன் இல்லாம ஆகாதுன்னு புரிஞ்சுக்குவாங்க. இதுல யாருக்கு என்ன கெடுதல், சொல்லுங்க.

பக்கத்துல இருந்தா நல்லதுன்னு பதினொண்ணே முக்காலுக்கே போய் வீட்டுப் பின்னாடி, ஏஸி தண்ணி சொட்டற எடத்துல, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்தேன். காம்பவுண்டுக்குள்ளதான், படி ஏறலை. பன்னெண்டரைக்குப் பக்கத்து வீட்டு கௌரம்மா சாவியோட வந்தாங்க. ஆராதனை முடியற வரைக்கும் நடுவுல ஒரு எட்டு பார்க்கச் சொல்லி சிஸ்டர் குடுத்த சாவி. 'ஏனய்யா, மத்தே கெட்டோய்தா'ன்னு கேட்டாங்க. ஆமாங்கம்மா, மறுபடி கெட்டுப்போச்சு, நான் பார்த்துக்கறேன், வெயில்ல அலையாதீங்கன்னு சொன்னேன். 'ஒள்ளேதாயித்து, நல்லதாப் போச்சு, நீ இருந்தாச் சரி'ன்னு போயிட்டாங்க. பாவம், நல்ல அம்மா. அவங்க மேல தப்பு ஒண்ணுமில்லை.

ஒரு மணி இருக்கும், உள்ள டக்குன்னு கேட்டுது. ஏஸி நிக்கலை. மறுபடி டக். சுவிட்ச் நல்லாத்தான் வேலை செஞ்சுது. நான் பண்ணின சுவிட்ச் ஆச்சே, எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துது. ஏஸி காத்து நேரா கட்டில் மேலதான் விழும், அதையும் நான்தான் திருப்பி வெச்சிருந்தேன்.

அப்புறம் மூணு மூணா அடிச்சுது. டக் டக் டக். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி மூணு. ரெண்டு மணிக்கு மேல நடுவுல இடைவெளி கூடிச்சு. மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டு மட்டும் அடிச்சுது. மூணாவதுக்குக் காத்திருந்தேன், வரலை.

சிஸ்டர் நாலு மணிக்கு வந்தாங்க. அலறின சத்தம் கேட்டுது. உதடு நீலமாயிருச்சாம், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டார். என்னைக் கூப்பிடுவாங்கன்னு பொழுது சாயற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன். லிங்கப்பன்கிட்டயும் போய்க் கேட்டேன். போன் வரலைன்னுட்டான்.

கௌரம்மாவை ஏன் திருப்பி அனுப்பிச்சே, அவ்வளவு டக் டக் கேட்டும் ஏன் சாவியை வாங்கி உள்ள போய் மெயினை அணைக்கலைன்னு கேக்கறீங்க. மொதல்லயே சொன்னேனே சார். கூப்பிடாம நான் யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன்.