ஆந்தைச் சீமானுக்கு ஏழு விமர்சகர்கள்

உங்கள் கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன, தம்பி. குறையாகச் சொல்லவில்லை. முப்பத்துநான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்குச் சோற்றில் கல் தட்டுப்படுவதுபோல அது தானாகத் தட்டுப்படும். மற்றபடி மரியாதையான கடிதம். நீங்கள் நடத்தும் கார்ட்டூன் ரசிகர் பக்கத்தில் ஏழு பேர் ஒரே வீட்டிலிருந்து எழுதுகிறார்களே, இது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சின்ன வீடுதான். ஏழு பேரும் நான்தான்.

அந்தக் கார்ட்டூன் தொடரை நான் பார்த்ததே இல்லை. என் மகள் பார்ப்பாள். முப்பத்துமூன்று வயது, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு ஆந்தைச் சீமானை வரைய உட்கார்ந்துவிடுவாள். ஊரார் தூக்கத்தையெல்லாம் திருடிக் கொண்டுபோகிற வில்லனாம். இத்தனை நல்லவர்கள் இருக்க அவனைப் போய் ஏன் வரைகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "அவன் கத்தவே மாட்டான்ப்பா" என்றாள். தொடரில் அவன் ஊரை எரிப்பானாம். இவள் படத்தில் அவன் கோட்டுக்குப் பொத்தான் தைப்பான், பஸ்ஸுக்குக் காத்திருப்பான், ஆரஞ்சு உரிப்பான்.

என் மனைவி காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் நானும் மகளும்தான்.

முதலில் உங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு பெயரில்தான் வந்தேன். நர்ஸம்மா. வேறு ஊரில் இருக்கும் நடுத்தர வயதுச் செவிலி, சிரித்த முகம் என்று நானே வைத்துக்கொண்டேன். மகளின் படங்களை நாலு வார்த்தை பாராட்ட வேண்டும், அப்பா பாராட்டினால் எடுபடாது, அவ்வளவுதான் எண்ணம். மகள் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னாள். பக்கத்து அறையில் அவள் தட்டச்சு செய்வது எனக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அதே செய்தி என் கையில் இருக்கும்.

அப்படித்தான் அந்த அழைப்பும் எனக்குத் தெரிந்தது. தொடரைத் தயாரிக்கும் நிறுவனத்தார் அவள் படங்களைப் பார்த்துவிட்டார்கள். புதிதாகப் பத்துப் படம் வரைந்து காட்டினால் வேலை நிச்சயம் என்று எழுதியிருந்தார்கள். கடல் தாண்டிய ஊர். அன்று சாப்பிடும்போது என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"நான் வெளியூர் போனா என்னப்பா பண்ணுவீங்க?"

"ரெண்டு வேளை நானே சமைச்சுச் சாப்பிடுவேன். மூணாவது வேளை ஆஸ்பத்திரியில போடுவாங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன். "தாராளமா போம்மா" என்றும் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒருநாளும் அவளைப் போகாதே என்று சொன்னவனில்லை.

மற்ற ஆறு பேரும் அந்த வாரம்தான் பிறந்தார்கள். ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் கொஞ்சம் நீட்டி முழக்குவார். எலும்பு மருத்துவம் படிக்கும் மாணவன் இருந்தான். ஒரு சோம்பேறி எதற்கும் "சுமார்" என்று மட்டும் எழுதுவான். அந்த ஒரு வார்த்தைதான் மகளை அதிகம் படுத்தியது. இயல்பாக இருக்கட்டுமென்று வாத்தியாரும் மாணவனும் இடையிடையே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருமுறை மாணவன் வரம்பு மீறிப் பேச, வாத்தியாருக்காக எனக்கே வருத்தமாகிவிட்டது.

மகள் ஒவ்வொரு படமாகப் பக்கத்தில் போட்டாள். அவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். நிழல் தப்பு, கழுத்து தப்பு. மூன்றாவது படத்தில் சீமானின் மோதிர விரல் நுனி வளைந்திருந்தது. இப்படி ஒரு விரல் மனிதனுக்கு உண்டா என்று மாணவன் கேட்டான். மகள் அவனுக்குப் பதில் போடவில்லை. நர்ஸம்மாவுக்கு எழுதினாள்: "அது எங்கப்பா விரல்க்கா. அச்சகத்துல மெஷின்ல மாட்டி வளைஞ்சது. எனக்குத் தெரிஞ்ச அழகான கை அது ஒண்ணுதான். அதையும் தப்புங்கறாங்க."

நான் என் கையை விரித்துப் பார்த்தேன். சரியாகத்தான் வரைந்திருந்தாள். அந்தக் கருத்தை நீக்கிவிட்டேன். மற்றவை அப்படியே இருந்தன.

ஆறாவது படத்தோடு அவள் நிறுத்திவிட்டாள். அன்று மாலை நர்ஸம்மாவுக்கு இரண்டே வரி வந்தது. "எனக்கு வரைய வருமா வராதாக்கா? நீங்க மட்டும்தான் எனக்காகப் பொய் சொல்ல மாட்டீங்க."

அந்த ஆறு படங்களையும் வரிசையாக வைத்து, பழைய வழக்கப்படி மூலைக்கு மூலை பார்த்தேன். என் வேலைக்காலம் முழுவதும் இத்தனை சுத்தமான ஆறு பக்கங்கள் என் மேஜைக்கு வந்ததில்லை. ஒரு பிழை இல்லை. பிறகு நர்ஸம்மா எழுதினாள்: "மனசுல வச்சுக்காதே கண்ணு. உனக்குக் கை வரலை. ஆசை வேற, வரம் வேற. அங்க போய் அவமானப்படாதே. அப்பாகூட இரு."

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது.

மறுநாள் நிறுவனத்துக்கு வேண்டாமென்று எழுதிவிட்டாள். பென்சில்களையும் தாள்களையும் ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றச் சொன்னாள். நான்தான் ஏறி வைத்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துப்பா, மெதுவா" என்றாள்.

அது நடந்து இரண்டு வருடம். இப்போது வேலைவிட்டு வந்ததும் என்னோடு உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். என்னம்மா யோசனை என்றால், "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். வேடிக்கையாக ஏதாவது சொன்னால், எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சரியாகச் சிரிக்கிறாள். போன வாரம் நர்ஸம்மாவை ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டுமென்று கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டேன். விதிப்படி வாத்தியார், மாணவன், சோம்பேறி உள்பட ஆறு பேரையும் இன்றே நீக்கிவிடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. நர்ஸம்மாவை மட்டும் விட்டுவையுங்கள், தம்பி. மனம்விட்டுப் பேச என் மகளுக்கு அவளை விட்டால் வேறு யாரும் இல்லை.