அது எந்தச் சாரி?

அன்பும் அறிவும் அருகருகே அமர்ந்திருக்கும் இந்த அவையின் தலைவர் அவர்களே! முதிர்ந்த விரல்களைப் பிடித்து முதல் எழுத்து எழுத வைத்த எங்கள் ஆங்கில டீச்சர் அவர்களே! பெரியோர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, பிறகு தாங்களும் பள்ளிக்கு ஓடிவந்த தாய்மார்களே! கடைசி வரிசையில் நாற்காலி காலியாக இருந்தும் கதவோரமாக நின்றுகொண்டே இருக்கும் என் மகனே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஐந்துதானா என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். அந்த ஐந்திலும் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். ஆறாவதை நான் விடவில்லை ஐயா, ஆறாவதுதான் என்னை விட்டுவிட்டது!

தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். அதற்குள் நான் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் மாலை வகுப்பின் ஆண்டு விழாவில் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் உள்ளர்த்தங்களைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. எனக்கு முன்னால் பேசிய தையல்கார அண்ணன் "நைஸ்" என்ற சொல்லை எடுத்து, துணியும் நைஸ், மாவும் நைஸ், மாப்பிள்ளையும் நைஸ் என்று சொல்லி உங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். நான் எடுத்திருக்கும் சொல், சாரி.

முன் வரிசையில் ஏனம்மா சிரிக்கிறீர்கள்? சேலை என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்!

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். கல்யாணமான புதிதில் அவர் வண்டியிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஒரே நெரிசல். யாரோ ஒருவர் என் காலை மிதித்துவிட்டு "சாரி" என்றார். நான் பதறிப்போய்க் குனிந்து முந்தானையைப் பார்த்தேன். "ஏங்க, என் சேலைக்கு என்ன?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டே அவரும் சிரித்தார். விசிலும் கூடவே சிரித்தது!

வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். "அது சேலை இல்ல, தாயே! தெரியாம மிதிச்சுட்டேன்னு சொல்றான்."

"அதுக்கு நான் என்ன சொல்லணும்?"

"பரவாயில்லைன்னு சொல்லணும். அவன் சாரி, நீ பரவாயில்லை. நான் ரைட் சொன்ன மாதிரி. வண்டி கிளம்பிடும்."

நாற்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பாடம் என்னைக் கைவிடவில்லை. தோளில் இடித்தவருக்கும் பரவாயில்லை. தபாலை மாற்றிக் கொடுத்தவருக்கும் பரவாயில்லை. சாரி என்று கேட்டால் போதும், பரவாயில்லை தானாக வாயில் வந்து நிற்கும்.

அப்படித்தான் அன்றைக்கும் வந்து நின்றது.

போன வருஷம் ஒரு காலை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கதவைச் சாத்தினார்கள். மகன் மருந்து வாங்கக் கீழே ஓடினான். நான் வெளியே இரும்பு பெஞ்சில், மடியில் டீ ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். கண் விழித்தவுடன் அவர் முதலில் கேட்பது டீயைத்தான்.

கதவு திறந்தது. இளவயசு டாக்டர். முகக்கவசத்தை இறக்கினார். "சாரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

காக்க வைத்ததற்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, "பரவாயில்லைங்க தம்பி. எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருக்கேன். நீங்க நிதானமா பாருங்க" என்றேன்.

அவர் முகக்கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டார். என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சபையோரே! உயிர் போயிற்று என்று ஒருவர் வந்து சொல்ல, பரவாயில்லை என்று பதில் சொன்ன மனைவி உலகத்தில் உண்டா? உண்டு. இதோ நிற்கிறேன். அதற்குப் பிறகும் அரை மணி நேரம், டீ ஆறிவிடக் கூடாதே என்று ஃபிளாஸ்க் மூடியை இறுக்கி இறுக்கித் திருகிக்கொண்டிருந்தேன். யாருக்காக?

கீழேயிருந்து வந்த மகனிடம் நர்ஸ் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவன் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "டாக்டர் வந்து சொன்னாராமே! நீ பரவாயில்லைன்னியாமே! ஒரு வார்த்தை புரியலயாம்மா உனக்கு? படிக்காத ஜென்மம்!"

ஐந்தாவதில் முதலாவதாக வந்தவளை அப்படிச் சொன்னான். அவர் போன செய்தியும் அந்தச் சொல்லும் ஒன்றாகத்தான் என் காதில் விழுந்தன.

பத்து நாள் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்று, "சாரிம்மா" என்றான். தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். பரவாயில்லை வரவில்லை. எங்கிருந்து வரும்? அதைத்தான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விட்டுவிட்டு வந்தேனே! "சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன். ஒரு வருஷமாக இப்படித்தான். அவன் சாரி சொல்வான். நான் வேறு ஏதாவது சொல்வேன். இந்த வகுப்புக்கு என்னை வண்டியில் கொண்டுவந்து விடுபவனும் அவன்தான்.

முதல் நாளே டீச்சரிடம் கேட்டேன்: "டாக்டர் சொன்னாரே, அது எந்தச் சாரி?" அவர் கரும்பலகை நிறைய எழுதினார். இடித்துவிட்டுப் போகிறவருக்கு எக்ஸ்கியூஸ். காதில் விழவில்லை என்றால் பார்டன். வேலை இல்லை என்று எழுதும் கடிதத்துக்கு ரிக்ரெட். செய்த தவறுக்கு அபாலஜி. அடுத்தவர் இழப்புக்குக் கண்டோலன்ஸ். இத்தனையும் ஒரே போர்வைக்குள் படுத்துக் கிடக்கின்றன. அந்தப் போர்வையின் பெயர் சாரி!

நம் தமிழில் பாருங்கள். மன்னியுங்கள் என்றால் தவறு என்னுடையது. வருந்துகிறேன் என்றால் துயரம் உன்னுடையது, அதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தத் தம்பி "ஐயா போயிட்டாரும்மா" என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால், அழ வேண்டிய நேரத்தில் நான் அழுதிருப்பேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் யாரோ பெற்ற பிள்ளைதான். ஆனாலும் மருத்துவம் பார்க்கும் பிள்ளைகளே, கைகூப்பிக் கேட்கிறேன்: சின்னச் சொல்லுக்குள் பெரிய சாவை ஒளித்து வைக்காதீர்கள்! சொல்லுங்கள்! எங்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்! தாங்குவது எங்கள் பாடு.

மகனே, இப்போது உன் சாரி. அதை ஒரு வருஷமாக அபாலஜி என்றே எடுத்து வைத்திருந்தேன். இந்தப் பேச்சை எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா நின்றது. அன்றைக்கு நீயும்தானே அப்பாவை இழந்தாய்? புரிந்ததோ புரியவில்லையோ, எனக்கு ஒருவர் வந்து தோளைத் தொட்டுச் சாரி சொன்னார். மருந்துப் பையோடு படியேறி வந்த உனக்கு யார் சொன்னது? நானும் சொல்லவில்லையே!

அதனால் இன்றைக்குச் சொல்கிறேன். அபாலஜி, கண்டோலன்ஸ், இரண்டும் சேர்த்துச் சொல்கிறேன். சாரிப்பா.

என்ன? கேட்கவில்லை. மைக் இல்லாவிட்டால் என்ன, உரக்கச் சொல்லடா.

கேட்டீர்களா சபையோரே? "பரவாயில்லம்மா" என்கிறான்!

எனக்கும்தான்டா. பரவாயில்லை.

வந்துவிட்டது ஐயா, அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கேட்ட கேள்விக்கு விடை சொன்ன டீச்சருக்கும் நன்றி, வணக்கம். மகனே, போய் வண்டியை எடு. அம்மா வருகிறேன். ரைட்!