எல்லா பிளக்கும் ஒன்றல்ல

பழைய பெட்ரோல் டிராக்டருக்கு ஸ்பார்க் பிளக் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மரையைத்தான் பார்க்கிறார்கள். திருகினால் உள்ளே போகிறதா, போகிறது, அப்படியானால் சரி. கால் நுழைந்தால் போதும் என்று செருப்பு வாங்குகிறவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அந்த மாதிரி ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் கோபப்படுவதில்லை. கடையில் என் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத விவரமாகத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள், இன்ஸ்பெக்டர். யாரும் என்னை இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். என் தங்கையின் கணவர் எப்படிச் செத்தார் என்று சொல்ல வேண்டுமானால் பிளக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிளக்கின் நுனியில் வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அதைக் குளிர் பிளக் என்போம். நீளமாக இருந்தால் சூடு நுனியிலேயே தங்கும். அது சூட்டு பிளக். துடைத்து நிறுத்தி, கண்காட்சிக்கு மட்டும் உருட்டுகிற வண்டிக்குச் சூட்டு பிளக் நல்லது. எண்ணெய்க் கரி படியாமல் எரித்துவிடும். கலப்பை மாட்டி உழுகிற வண்டியில் அதே பிளக்கைப் போட்டால் நுனி கங்கு மாதிரி சிவந்துவிடும். எஞ்சினை அணைத்த பிறகும் சற்று நேரம் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் எஞ்சினைக் கிளப்ப யாராவது முன்னால் மாட்டும் கைப்பிடியைச் சுழற்றினால், தீப்பொறி வரும் முன்பே அந்தக் கங்கு பெட்ரோலைப் பற்றவைக்கும். எஞ்சின் முன்னால் சுற்றாமல் பின்னால் உதைக்கும். கைப்பிடியும் அதோடு சேர்ந்து திரும்பும். இரண்டு பிளக்கும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உடம்பில் பொறித்த நம்பர் மட்டும்தான் வேறு.

மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை கணவருக்கு, நம்பர் பார்க்கும் பழக்கம் இல்லை. அவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர். அவருடைய டிராக்டரை வெளியே பார்த்தால் கல்யாணத்துக்குப் புறப்பட்டு நிற்பது போலிருக்கும். உள்ளே எஞ்சினைப் பார்த்தால் அழுகை வரும். ஆனாலும் எங்கள் பழைய டிராக்டர்காரர்கள் சங்கத்தின் போட்டியில் வருஷா வருஷம் அவர்தான் ஜெயிப்பார்.

போட்டி இதுதான். கெட்டி மண்ணில் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மூச்சு வாங்க உழ வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். உடனே முன்னால் வந்து கைப்பிடியை மாட்டி, ஒரே இழுப்பில் மறுபடி கிளப்ப வேண்டும். நான் அங்கே பாதுகாப்பு நடுவர். ஒவ்வொருவரும் கைப்பிடியைத் தொடும் முன் ஒலிபெருக்கியில் ஒன்றைச் சொல்வது என் வேலை. கட்டைவிரலை மடக்காதீர்கள், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். அப்படிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது கைப்பிடி நழுவிப் போய்விடும். மடக்கினால் கை மாட்டிக்கொள்ளும், ஆளையே கைப்பிடிமேல் இழுக்கும்.

சென்ற ஆண்டு போட்டிக்கு முன் பிளக்கைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பெரிய பெரிய படங்களாக வரைந்து எடுத்துப் போனேன். மாப்பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கினார். கைதட்டல் சத்தத்தில் விழித்தார். கேள்வி கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

"மச்சான், சுருக்கமா சொல்லுங்க. நெருப்பு வருதா, இல்லையா?"

"அது மட்டும் இல்ல மாப்பிள, எப்ப வருதுங்கறதும்..."

"வந்தா போதும் மச்சான். பிளக்கு எல்லாம் ஒண்ணுதான்." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "தப்பு எங்க மேலதாங்க. காலா காலத்துல மச்சானுக்கு ஒரு நல்ல பிளக்கா பாத்துக் கட்டி வெச்சிருந்தா, இந்நேரம் ரெண்டு மூணு குட்டி பிளக்கு வீட்ல ஓடியாடிக்கிட்டு இருக்கும்."

மண்டபமே சிரித்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. கடைசி வரிசையில் என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதையும் பொருட்படுத்தவில்லை. அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பதெல்லாம் நினைவில் இருக்கிறது. நினைவில் இருப்பதும் பொருட்படுத்துவதும் வேறு வேறு.

அந்த முறையும் அவரே ஜெயித்தார். வண்டியில் இருந்தவை எங்கிருந்தோ பொறுக்கி மாட்டிய நான்கு பிளக்குகள், ஒன்றோடொன்று உறவே இல்லாதவை. ஒன்று படகு எஞ்சினுடையது. கோப்பையை வாங்கிய கையோடு அதை என் சொற்பொழிவுக்குச் சமர்ப்பிப்பதாக அறிவித்தார்.

இந்த ஆண்டுப் போட்டிக்குச் சில நாள் முன்பு கடைக்கு வந்தார்.

"மச்சான், ஏதாவது நாலு பிளக்கு எடுத்து வைங்க."

"எந்த நம்பர்?"

"உங்களுக்குப் பிடிச்ச நம்பர்."

இந்த வார்த்தையைத் தயவுசெய்து விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வை அவர்தான் என்னிடம் ஒப்படைத்தார். மறுநாள் வரச் சொன்னேன். அவ்வளவு அக்கறையோடு நான் யாருக்கும் பிளக் தேர்ந்தெடுத்ததில்லை.

என்னிடமும் அதே மாடல் வண்டி ஒன்று உண்டு. கடைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். நீளமான மூக்குள்ள சூட்டு பிளக்குகளை அதில் மாட்டி, பின்பக்கத்து மண்ணை நன்றாக உழுது, எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பிடியில் கயிறு கட்டி எட்ட நின்று இழுத்தேன். உதைத்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். பெரும்பாலும் உதைத்தது, சில தடவை உதைக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவருக்குத் தப்பிக்க வழியே இல்லாமல் நான் செய்துவிடவில்லை.

அடுத்து உயரம். குனிந்து இழுக்கிறவரின் தாடை வருகிற இடத்தில், ஒரு முக்காலிமேல் பூசணிக்காயை வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அளவு எனக்கு அத்துப்படி. கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க அவரைத் தையல்காரரிடம் கூட்டிப் போனவன் நான்தான். கணக்கு சரியாக வந்தது. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. நல்ல துண்டுகளாகப் பொறுக்கித் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பூசணி இனிப்பாக இருந்ததாக மாப்பிள்ளையே போன் செய்து சொன்னார். அந்த விஷயத்தில் அவர் மரியாதை தெரிந்தவர். சொன்னபடி கடைக்கு வந்து அந்த நான்கு பிளக்கையும் வாங்கிப் போய் மாட்டிக்கொண்டார்.

மீதி இருந்தது ஒரே கவலை, கட்டைவிரல். மாப்பிள்ளை அலட்சியக்காரர், முட்டாள் அல்ல. தூரிகை பிடிக்கிற கை அது. தன்போக்கில் விட்டால் சரியாகத்தான் பிடிப்பார். சரியாகப் பிடித்தால் மணிக்கட்டுச் சுளுக்கோடு போய்விடும். அவரைத் தப்பாகப் பிடிக்க வைப்பது எப்படி என்று யோசித்தேன். வழி சுலபமாகவே இருந்தது. நான் என் கடமையைச் செய்தால் போதும்.

போட்டியன்று அவர் முறை வந்தது. உழுதார், அணைத்தார், குதித்து இறங்கி முன்னால் வந்தார். வழக்கமாக ஒரு தடவை சொல்கிறதை அன்று அவருக்காக இரண்டு தடவை சொன்னேன்.

"மாப்பிள, கட்டைவிரல மடக்காதீங்க. திருப்பி அடிக்கும். கட்டைவிரல மடக்காதீங்க."

அவர் நிமிர்ந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தி ஆட்டிக் காட்டினார்.

"மச்சான், இது எங்கம்மா குடுத்தது. இதுக்குமா நம்பர் போட்டு வெச்சிருக்கீங்க?"

சொல்லிவிட்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, விரலை மெதுவாக, அழகாகக் கைப்பிடியைச் சுற்றி மடக்கினார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே இழுத்தார்.

பூசணிக்காயோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரை மூடி எடுத்துப் போன பிறகு, தாழ்வாரத்து பெஞ்சில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னேண்ணா. மைக்ல சொன்ன. ஊரே கேட்டுச்சு, அவர் கேக்கல. உன் பேச்ச நாங்க யாருமே கேட்டதில்ல. கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்துட்டோம்." எனக்கும் கண் கலங்கியது. நான் சொன்னது சரி என்று அந்தக் குடும்பத்தில் ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான். அந்த பெஞ்சில் அவளோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு எல்லாம் முடிந்திருக்கும். நீங்களும் விபத்து என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ஆனால் வண்டியைச் சோதிக்க உங்கள் மெக்கானிக் வந்தாரே, நினைவிருக்கிறதா? நான் பக்கத்தில்தான் நின்றேன். பிளக்குகளைக் கழற்றினார், துணியால் துடைத்தார், உள்ளங்கையில் வைத்து உருட்டினார். நம்பர் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. உழுத வண்டியில் பழுப்பேறியிருக்க வேண்டிய பீங்கான் மூக்கு, அளவுக்கு மீறிய சூட்டில் சங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது. பிளக் தெரிந்த எந்த ஆளுக்கும் அந்த வெளுப்பைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். அவர் என்ன சொன்னார்?

"பழைய வண்டி சார், எப்படியும் உதைக்கத்தான் செய்யும். பிளக்குல என்ன இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்."

நீங்களும் தலையாட்டினீர்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மனச்சாட்சி என்பது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் வந்தேன், வேறு எதற்கும் இல்லை. என் தங்கையின் கணவரை நான் கொன்றேன். யோசித்து, சோதித்து, அளந்து கொன்றேன். தற்செயலாக எதுவும் நடக்கவில்லை. தங்கையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அழுவாள். அவசரப்படாமல், முதலில் சூட்டு பிளக் எது, குளிர் பிளக் எது என்று விளக்கிவிட்டு அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள். அப்போதுதான் அவளுக்குப் புரியும்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதற்கு நன்றி. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு இடம் தவிர. 'வேண்டுமென்றே தவறான பிளக்கைக் கொடுத்து' என்று போட்டிருக்கிறீர்கள். கடை வைத்த நாளிலிருந்து நான் யாருக்கும் தவறான பிளக் கொடுத்ததில்லை. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பிளக் எங்கேயும் கிடைக்காது. 'தவறான' என்பதை அடித்துவிட்டு 'சரியான' என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.