இதோ வரேன்

மாலை ஆறே கால். மலைப்பாதையில் பதினோராவது திருப்பம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம்...

விளக்கைப் போடாதீர்கள். அப்படியே நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனுடைய அத்தானுக்கு நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். அதுதான் இதில் வேதனை.

இளவேனில் காலம். மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தார். சரிவெல்லாம் பூ. பகல் முழுக்கப் படகு, ஓடை, சிரிப்பு. சின்னவள் ஓடையில் இறங்கி ஷூவை நனைத்துவிட்டாள். விடுதியில் அறை சுத்தம் செய்கிற அக்கா அதை வாங்கிக்கொண்டு போய், அடுப்பருகே வைத்துத் திருப்பித் திருப்பி உலர்த்திக் கொடுத்தார். அதற்குள் அவர் வீட்டுக்குப் போகிற கடைசி வேன் போய்விட்டது.

"சார், கீழ ஊர் வரைக்கும் விட்டுடறீங்களா? பத்து நிமிஷந்தான்."

"அதுக்கென்னக்கா. குளிச்சிட்டு இதோ வரேன். வாசல் கேட் கிட்ட நில்லுங்க."

பொய் சொல்லவில்லை. போகத்தான் நினைத்தார். ஆனால் வெந்நீர் இதமாக இருந்தது... பிறகு கம்பளி. பிறகு பிள்ளைகளோடு சீட்டு.

"அந்தக்கா நிப்பாங்களே?" என்றாள் மனைவி.

"இவ்வளவு நேரமா? யாராச்சும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க. நீ சீட்டைப் போடு."

ஆண்டவன் நமக்கு வைக்கிற பரீட்சை பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான். அதனாலேயே அது பரீட்சை என்று தெரிவதில்லை.

காலையில் காவலாளி அழுதுகொண்டே சொன்னார். "ஒரு மணி நேரம் நின்னுச்சு சார். கிளம்பும்மான்னேன். 'யாரோ வரேன்னு சொல்லியிருக்காங்க, வந்து தேடினா நல்லாருக்காது'ன்னுச்சு..."

இருட்டிய பிறகு அந்த அக்கா தனியாக நடந்திருக்கிறார். பதினோராவது திருப்பத்தில் சாலையின் விளிம்பு தெரியவில்லை. விடிந்து, கீழே பாறையில் பார்த்திருக்கிறார்கள்.

"யாருங்க கூட்டிட்டுப் போறதா சொன்னது?" என்று மேலாளர் எல்லோரையும் கேட்டார். அத்தான் குனிந்து சின்னவளின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஷூ நன்றாகக் காய்ந்திருந்தது. மனைவியும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலையே கிளம்பினார்கள். ஆறே காலுக்கு அந்தத் திருப்பம். வண்டியை ஊர்ந்து ஓட்டினார். பின்னால் பெண்கள் இருவரும் தூக்கம்.

டொக்.

"பின்கதவு சரியா சாத்தலையா?" என்றாள் மனைவி.

இறங்கிப் பார்த்தார். எல்லாக் கதவும் சாத்தித்தான் இருந்தது. உள்ளே மட்டும் சோப்புத்தூள் வாசனை... ஈரத்துணி வாசனை. ஊர் வந்து சேரும்வரை போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்வதில்லை. 'போறேன்' என்று சொல்லவும் மனைவி விடமாட்டாள். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்.

சாலையில் யார் நின்றாலும் வண்டியை நிறுத்துவார். கூடை, மூட்டை, குடித்தவன்... யாரானாலும் சரி.

"உங்க அத்தான் கார் ஓட்டுறாரா, டவுன் பஸ் ஓட்டுறாரா?" என்று நான்கூடச் சிநேகிதனைக் கேலி செய்திருக்கிறேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் இதையெல்லாம் சொன்னான்.

போன மாதம், நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு டீச்சர் குடையில்லாமல் நின்றிருக்கிறார். வண்டியில் அத்தான் மட்டும்தான். நிறுத்தினார். டீச்சர் பின்கதவைத் திறந்தார். ஒரு கணம் தயங்கினார்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாக்கா?"

பிறகு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தார்.

அத்தான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பவும் இல்லை. வழியெல்லாம் பின்னால் ஏதோ தணிந்த பேச்சு... மழைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

தன் தெரு வந்ததும் டீச்சர் இறங்கினார். கதவைச் சாத்தப் போனவர், குனிந்து உள்ளே பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். என்னை அப்புறமா விட்டிருக்கலாம். பாவம், இவங்க வீட்டுல சின்னப் பிள்ளை தனியா இருக்காமே... இருட்டினா பயப்படுமாம்."