என் மனைவியின் மெயில் இன்னொரு பெட்டிக்கும் போனது பற்றி

என் பெயரும் முகவரியும் அடையாள அட்டையில் உள்ளபடியே சரி. வயது நாற்பத்தொன்று. சரக்கு அனுப்பும் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஆபீசில் என்னை போஸ்ட்மேன் என்பார்கள். புகார் கொடுத்திருப்பவர் என் மனைவி. அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார்.

அந்தப் பிரிவுக்குப் புது மேலாளர் வந்த பிறகு என் மனைவி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். வீட்டில் நான் பேசினால் உம் கொட்டுவதோடு சரி. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

எந்தப் பெயருக்கு வரும் மெயில் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று சர்வரில் ஒரு பட்டியல் உண்டு. அதில் என் மனைவியின் பெயருக்கு எதிரே, யாரும் பயன்படுத்தாத பழைய பெட்டி ஒன்றையும் சேர்த்து எழுதினேன். எழுதினால் மட்டும் ஆகாது. கட்டளை கொடுத்து அந்தப் பட்டியலை அட்டவணையாகக் கட்ட வேண்டும். சர்வர் அட்டவணையை மட்டும்தான் பார்க்கும். அட்டவணையின் தேதி மாறியிருந்தால், கையிலிருக்கும் மெயிலை முடித்துவிட்டுப் புதியதைத் திறந்துகொள்ளும். கட்டளை கொடுக்கப் போன சமயம் என் மனைவி வந்து, “டீ ஆறிடப்போகுது, வாங்க” என்றார். எழுந்து போய்விட்டேன். அதன் பிறகு வெட்கமாக இருந்ததால் மறுநாள் அந்த வரியை அழித்தேன். கட்டவே இல்லையே, அழித்தால் போதும் என்று நினைத்தேன்.

ஆனால் முந்தைய நாள் மாலையே என் சக ஊழியர், புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பெயரை எழுதி அட்டவணையைக் கட்டியிருக்கிறார். என் வரியும் கூடவே போய்விட்டது. சர்வர் அந்த மாற்றத்தைக் கவனித்துக்கொண்டது. அதன் பிறகு யாரும் கட்டாததால் நான் அழித்தது அதற்குத் தெரியவே இல்லை. பழைய பெட்டி நிரம்பி, இடமில்லை என்ற தகவல் மெயில் அனுப்பிய அந்த மேலாளருக்குத் திரும்பிப் போக, அவர் அதை என் மனைவியிடம் காட்டியிருக்கிறார். அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.

ஒரு மெயிலைக்கூட நான் படிக்கவில்லை. பெட்டி திறக்கப்படவே இல்லை என்று காவல் ஆய்வாளரும் சோதித்துச் சொன்னார். அதைக் கேட்ட என் மனைவி, “அதுல என்ன இருந்துச்சுன்னு இனிமே கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கட்டும் சார். புகாரை வாபஸ் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடறேன்” என்றார். அதன் பிறகு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஆய்வாளர் அப்படியொரு வரியை இதில் எழுதப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேலே உள்ளது எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. அந்த ஒரு வரி இதில் சேர்க்கப்படவில்லை என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)